நூல்கோல் குதிரையும் நாற்பது யூரோவும்

நெதர்லாந்தில் ஏப்ரல் 27 அரசர் பிறந்தநாள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் தெருவோரம் துணி விரித்து, பரணில் கிடக்கும் பழைய சாமான்களை விற்கலாம். உட்ரெக்ட் நகரத்தில் இது முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். நான்கு வருடத்துக்கு முன்பு அங்கேதான் அந்தப் படத்தை வாங்கினேன். தலையில்லாத பொம்மை, ஒற்றைக் கால் ஸ்கேட்டிங் ஷூ, யாரோ படித்து முடித்த சமையல் புத்தகங்கள், இவற்றுக்கு நடுவே கறுப்புச் சட்டம் போட்டுச் சாய்த்து வைத்திருந்தது. ஒரு தொத்தல் குதிரை. விலா எலும்பை எண்ணிவிடலாம். இடுப்பெலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் போலத் துருத்திக்கொண்டு நின்றது.

"பவுலஸ் பாட்டர், 1652, எங்கள் தாத்தா வீட்டுச் சுவரில் இருந்தது" என்றார் விற்றவர். பாட்டர் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர். செப்புத் தகட்டில் வரைந்து தாளில் அச்சடிக்கும் 'எட்சிங்' படங்களும் செய்தவர். அறுபது யூரோ கேட்டார். நாற்பதுக்கு இறங்கி வந்தார். படத்திலேயே பெயரும் வருடமும் பொறித்திருந்தன. தாளைச் சுற்றி அழுத்திய தடம் ஒன்றும் இருந்தது. அதை விரலால் தடவிக் காட்டி, "பாருங்கள், செப்புத் தகட்டின் தடம், இதுதான் அத்தாட்சி" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. என் மனைவி மட்டும் தமிழில், "நாற்பது யூரோவுக்கு 1652 வருமாங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து ஹாலில் மாட்டினேன். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் காபிக்கு வந்தார். இப்போது அவருக்கு 84 வயது. வூர்டன் பக்கத்தில் பண்ணை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். டிராக்டர் வருகிறவரைக்கும் அவர்கள் வீட்டில் இரண்டு குதிரை இருந்ததாம். படத்தின் முன்னால் போய் நின்றவர், சிரித்துக்கொண்டே "க்னொல்" என்றார். கிழட்டுக் குதிரைக்கு டச்சில் அதுதான் சொல். அதே சொல்லுக்கு நிலத்தடியில் விளைகிற கிழங்கு என்றும் பொருள், டர்னிப் என்றும் பொருள். பிறகு என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு இன்னும் பெரிதானது. எலுமிச்சை என்று சொல்லி க்னொல்லை விற்பது என்று டச்சில் ஒரு பழமொழி உண்டு. ஆளை ஏமாற்றித் தலையில் கட்டுவது என்று அர்த்தம். "உன் கதையில் இரண்டுமே நிஜம்" என்றார்.

அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது: நாம் சாம்பாரில் போடுகிற நூல்கோல் இருக்கிறதே, அதுவும் இந்த க்னொல்தான். டச்சுக்காரர் முட்டைக்கோஸ் வகையை 'கோல்' என்பார்கள். கிழங்கு மாதிரி உருண்ட கோஸ் 'க்னொல்கோல்'. அதுதான் நம் ஊர்க் காய்கறிக் கடையில் நூல்கோல் ஆகி, நூக்கலாகவும் ஆகிவிட்டது. ஆக நான் வாங்கியது சுத்தமான நூல்கோல் குதிரை.

சந்தேகம் வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கினேன். கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் வைத்துக்கொள்வார்களே, அது. விலை பதினைந்து யூரோகூட இல்லை. படத்தை வாங்கும் முன்பே அதை வாங்கியிருக்க வேண்டும். குதிரையின் வயிற்றுப் பக்கம் வைத்துப் பார்த்தேன். கோடே இல்லை. புள்ளிகள். பத்திரிகையில் அச்சான போட்டோவை லூப்பில் பார்த்தால் வரிசை வரிசையாகப் புள்ளி தெரியுமே, அதேதான். தாத்தா வீட்டுச் சுவரில் இருந்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் 1652க்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமில்லை. போட்டோ எடுத்து அச்சடித்த நகல் அது. தகட்டின் தடம் என்று காட்டினாரே, அதையும் அழகுக்காகப் பின்னால் அழுத்தியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எட்சிங் என்பது எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் எதைத் தேட வேண்டும் என்று தெரியும். செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த ஒரு பூச்சைத் தடவுவார்கள். மெழுகுவர்த்திப் புகையில் காட்டி அதைக் கறுப்பாக்குவார்கள். அதன்மேல் ஊசியால் வரைந்தால் பூச்சு கிழிந்து அடியில் செம்பு பளிச்சென்று தெரியும். உளியை அழுத்தித் தள்ளுகிற வேலை இல்லை, பேனா பிடித்து எழுதுவது போலக் கை ஓடும். பிறகு தகட்டை அமிலத்தில் இறக்குவார்கள். பூச்சு கிழிந்த இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அதிக நேரம் விட்டால் ஆழமான பள்ளம், அச்சில் கறுப்பான கோடு. மெல்லியதாக இருக்க வேண்டிய கோடுகளைப் பாதியில் வார்னிஷ் தடவி மூடிவிட்டு, மற்றதை மறுபடி அமிலத்தில் விடுவார்கள். தூரத்து வானம் மங்கலாகவும் குதிரையின் கால் கறுப்பாகவும் வருவது இப்படித்தான். கடைசியில் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை மேலே வைத்து உருளைக்கு நடுவே அழுத்துவார்கள். தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அதனால் நிஜமான எட்சிங்கில் மை தாளின் மேல் லேசாக மேடிட்டு நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியும்.

படம் இடம் வலமாகத் திரும்பித்தான் அச்சாகும். கையெழுத்து நமக்கு நேராகத் தெரிகிறது என்றால் ஓவியர் தகட்டில் அதைத் இடம் வலம் மாறிய கண்ணாடி எழுத்தாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். நேராக நிற்கிற பெயரை நான் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். ஆனால் அது தகட்டிலேயே இருப்பது. நல்ல பிரதி, கெட்ட பிரதி, போட்டோ நகல் எல்லாவற்றிலும் அதே பெயர், அதே வருடம் இருக்கும். தேதியைப் பார்த்து வாங்கினேன் என்று சொல்லும் யாரையும் இப்போது பார்த்தால் பாவமாக இருக்கிறது. நானும் அந்த வரிசையில்தான்.

தாளைப் பற்றியும் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். பழுப்பாக இருந்தால் பழசு என்று நினைத்தேன். 17ஆம் நூற்றாண்டுத் தாள் கந்தல் துணியை ஊறவைத்து இடித்துச் செய்தது. சரியாக வைத்திருந்தால் முந்நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் ஓரளவு வெளுப்பாகவே இருக்கும். மரக்கூழில் செய்த தாள்தான் சில பத்தாண்டுகளிலேயே டீ டிகாஷன் நிறத்துக்கு வந்து, மடித்தால் உடையும். பழைய கைத்தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சல்லடைக் கம்பியின் தடம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் கோடு கோடாகத் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் தாள் செய்தவரின் நீர்க்குறியும் தெரியும். என்னுடையதைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பால்கோவா மாதிரி ஒரே சீராக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. தகட்டின் தடம் இல்லாததால் மட்டும் ஒன்றைப் போலி என்று தள்ளிவிட முடியாது. பழைய சேகரிப்பாளர்கள் ஆல்பத்தில் ஒட்டுவதற்காக ஓரத்தை ஒட்ட நறுக்கியிருக்கிறார்கள். அதே மாதிரி, நிஜத் தகட்டிலிருந்தே நூறு வருடம் கழித்து அச்சடித்த பிரதிகளும் உண்டு. அவற்றில் தகடு தேய்ந்துபோய் மெல்லிய கோடுகள் காணாமல் போயிருக்கும். அது போலி இல்லை, ஆனால் விலை வேறு. காசு கொடுக்கும் முன் சட்டத்திலிருந்து கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

சரி, நாற்பது யூரோ போனது போகட்டும், நிஜத்தையாவது பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் அச்சோவியங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. சுவரில் மாட்டி வைப்பது கொஞ்சம்தான், வெளிச்சம் பட்டால் தாள் கெட்டுவிடும் என்பதால் பெரும்பாலானவை பெட்டியில் இருக்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று எண்ணோடு எழுதிக் கேட்டு நேரம் வாங்கினேன். கலை வரலாறு படித்தவர்களுக்குத்தான் அனுமதி என்று நினைத்துப் பயந்துகொண்டு போனேன். பையை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள், கை கழுவச் சொன்னார்கள், பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

முதல் அதிர்ச்சி அளவு. ஏறக்குறைய 16க்கு 24 சென்டிமீட்டர். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படுக்கைவாட்டில் வைத்த அளவு. பாட்டர் என்றால் எல்லோரும் சொல்வது ஹேக் நகரத்தில் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'காளை'யைத்தான். 1647இல், 21 வயதில், நிஜக் காளை உயரத்துக்கு, மூன்று மீட்டருக்கும் மேல் அகலத்தில் வரைந்தது. பிரெஞ்சுப் படை 1795இல் அதைத் தூக்கிக்கொண்டு போய் பாரிசில் வைத்திருந்து, 1815இல்தான் அது திரும்பி வந்தது. எனக்கு அந்தக் காளையைவிட இந்தக் கையகலக் குதிரைகள்தான் மேல். காளையின் முன்னால் கூட்டத்தோடு நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இதை மேசையில் வைத்துக் குனிந்து, மூச்சு படாமல், தனியாகப் பார்க்கலாம்.

இந்தக் குதிரை வரிசை மொத்தம் ஐந்து தாள், எல்லாம் 1652. கட்டுடலோடு நிற்கும் ஃப்ரீஸ்லாந்துக் குதிரை. கனைக்கும் குதிரை. வால் நறுக்கப்பட்ட குதிரை. ஒரே தாளில் உழவுக்குதிரைகள் இரண்டு. கடைசியாக என் க்னொல். ஐந்தையும் வரிசையாக வைத்தால் ஒரு குதிரையின் ஆயுள் மாதிரி ஓடுகிறது என்பார்கள். அது பாட்டர் நினைத்ததுதானா என்று விவாதிக்கலாம். ஆனால் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து ஐந்தாவது தாளைத் திருப்பியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சந்தையில் வாங்கிய படத்தை ஒரு மாதம் தினமும் பார்த்தவன் நான். அந்தத் தொத்தல் குதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு குதிரை செத்துக் கிடப்பதும், நாய்கள் அதைத் தின்பதும் தெரியும். தெரிந்தும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. போட்டோ நகலில் அந்த மெல்லிய கோடுகள் எல்லாம் சாம்பல் புள்ளிகளாகி, பின்னணி என்று ஒதுங்கிவிட்டிருந்தது. நிஜத்தாளில் அவை ஒவ்வொன்றும் ஊசியால் போட்ட கோடு. முன்னால் நிற்கிற கிழட்டுக் குதிரை அதைப் பார்க்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை.

அன்று கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் இன்னும் கூடவே இருக்கிறது. இந்தப் படங்களைக் குதிரையிலிருந்து தொடங்கக் கூடாது. பாட்டர் தரையை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்க்கிறார், அடிவானம் ரொம்பத் தாழ்வாக இருக்கிறது. அதனால் குதிரை முழு வானத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும், ஊரும் நிலமும் அதன் கால்களுக்கு நடுவிலும் வயிற்றுக்குக் கீழேயும் சிறிசாகப் போய்விடும். நாம் குதிரையைப் பார்த்துவிட்டு "ஆகா" என்று நகர்ந்துவிடுவோம். முதலில் குளம்பு ஊன்றியிருக்கும் மண், பிறகு கால்களுக்கு நடுவே தெரிவது, பிறகு அடிவானம், கடைசியில்தான் குதிரை என்று பார்த்தால் ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் போதாது. ரோமத்தைப் பாருங்கள்: அது எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே சின்னச் சின்னக் கோடு. மினுமினுப்பு வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரையவில்லை, வெறும் தாளை விட்டிருக்கிறார்.

வேலைக்கார மிருகத்தை இப்படிப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது அந்தக் காலத்திலும் எல்லோருக்கும் பெருமையாகத் தோன்றியிருக்காது. பாட்டரின் மாமனார் ஹேக்கில் பெரிய கட்டடக்காரர். மனிதர்களை வரையாமல் மிருகங்களை வரைகிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று முதலில் தயங்கினாராம். பாட்டர் இறந்து அறுபது வருடத்துக்கு மேல் கழித்து ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய ஹௌப்ராக்கன் சொல்லும் கதை இது. ஆனாலும் 1650இல் கல்யாணம் நடந்தது. 1654 ஜனவரியில் பாட்டர் இறந்துவிட்டார். வயது 28. இந்த ஐந்து குதிரைகளை அமிலத்தில் இறக்கியபோது அவருக்கு 26.

மியூசியத்திலிருந்து வந்து பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் திருத்திக்கொண்டே இருந்தார். குதிரையின் காலுக்கு நான் 'போட்' என்று சொல்லிவிட்டேன். மிருகத்தின் காலுக்கு டச்சில் அதுதான் சொல். "நாய்க்கு அது. குதிரைக்கு மனிதனுக்குச் சொல்வது போல 'பேன்' என்றுதான் சொல்ல வேண்டும். தலையும் அப்படித்தான்" என்றார். ஒரு மொழியே ஒரு மிருகத்துக்கு மட்டும் மரியாதை விகுதி போட்டு வைத்திருக்கிறது! என் படத்தைக் காட்டி அவர் சொன்ன விஷயங்கள் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்திருக்காது. வயதான குதிரைக்குக் கண்ணுக்கு மேலே குழி விழும். பல் தேய்ந்துபோனால் எதிரே புல் இருந்தாலும் மென்று தின்ன முடியாது, அதனால்தான் இந்த எலும்பு. வாலை நறுக்குவது அழகுக்கு மட்டும் இல்லை, வண்டியிலோ ஏரிலோ பூட்டும்போது வார்க்கயிற்றில் சிக்காமல் இருக்கத்தான். அதற்குப் பிறகு கோடைக்காலம் முழுக்க ஈ ஓட்ட அதற்கு வழியில்லை. இப்போது இங்கே வாலை நறுக்குவது சட்டப்படி தடை.

"நிஜக் குதிரையைப் பார்க்காமல் இதைப் பார்த்து என்ன புரியப்போகிறது?" என்று அவர்தான் சொய்ட்லாரனுக்கு அழைத்துப் போனார். ட்ரெந்தெ மாகாணத்தில் ஒரு ஊர். அக்டோபர் மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை குதிரைச் சந்தை, எண்ணூறு வருடமாக நடக்கிறது. விடியும் முன்பே போய்விட்டோம். நல்ல குளிர். குதிரைகள் வரிசையாகக் கட்டி நிற்க, மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு. அப்போதுதான் பார்த்தேன், சும்மா நிற்கிற குதிரை நாலு காலிலும் பாரத்தைப் போடுவதில்லை. பின்னங்கால் ஒன்றை மடக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் வைத்து ஓய்வு கொடுக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக்கொள்கிறது. அதனால் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. இதைப் பார்த்த பிறகு எந்தக் குதிரைப் படத்தைப் பார்த்தாலும், வரைந்தவர் நிஜக் குதிரையைப் பார்த்தவரா, வேறு படத்தைப் பார்த்து வரைந்தவரா என்று இடுப்பிலேயே ஓரளவு பிடிபட்டுவிடுகிறது.

அங்கே பேரம் பேசுவதையும் பார்த்தேன். வாங்குபவர் ஒரு விலை சொல்லி விற்பவரின் உள்ளங்கையில் பட்டென்று அடிக்கிறார். இவர் ஒரு விலை சொல்லித் திருப்பி அடிக்கிறார். விலை நெருங்க நெருங்க அடியும் பலமாகிறது. கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டால் வியாபாரம் முடிந்தது. நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து யாருக்கும் தெரியாமல் பேசுவார்கள், இவர்கள் ஊர் கேட்க அடித்துக்கொள்கிறார்கள். வெட்கம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது போல.

அப்புறம், உங்கள் வீட்டில் நல்ல எட்சிங் இருந்தால் ஒரு வார்த்தை. செல்லோ டேப்பை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். என் படத்தின் பின்னால் யாரோ நாலு மூலையிலும் ஒட்டியிருந்தார்கள், பசை காய்ந்து முன்பக்கம் வரை மஞ்சளாக ஊறியிருந்தது. அமிலமில்லாத அட்டை, மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாளால் இரண்டு கீல், ஒட்டுவதற்கு கோதுமை ஸ்டார்ச் பசை. கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. வெயில் விழும் சுவரில் மாட்டக் கூடாது. நிஜம் வாங்கக் காசில்லை என்றால் ரைக்ஸ்மியூசியம் இணையதளத்தில் இந்தப் படங்கள் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்ப்பதோடு விடாமல், அசல் அளவிலேயே ஒன்றை அச்சடித்துக் கையில் பிடித்துப் பாருங்கள்.

என் நூல்கோல் குதிரையைத் தூக்கிப் போடவில்லை. ஹாலிலிருந்து எடுத்து, வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். ஷூ லேஸ் கட்டக் குனிந்து நிமிரும்போது, நாய்கள் இருக்கும் இடம்தான் முதலில் கண்ணில் படுகிறது. போன மாதம் பெரியவர் வந்தபோது, இதை விற்கிறாயா என்று கையை நீட்டினார். ஐந்து யூரோ, பட். முப்பது என்று நான் திருப்பி அடித்தேன். எட்டு, பட். இருபத்தைந்து. 84 வயது என்று பெயர்தானே தவிர, அடி நன்றாக விழுந்தது. பன்னிரண்டில் வந்து நின்றோம். அவர் கையைப் பிடிக்க வந்தார், நான் இழுத்துக்கொண்டேன்.